தொண்டும் தலைமையும்

பலர் கூடிச் செய்யும் வினை எதற்கும் தலைவர் ஒருவர் இன்றியமையாதவர். மீகாமன் இல்லாத மரக்கலம் கரை சேர்தல் அரிது. தொண்டு என்பதோ அடிமைத் தொழில். தன்னைப் பிறர்க்கு ஆளாக்கி அவர் ஏவல்வழி நிற்பவனே தொண்டன். தலைவன் ஏவுவோன், தொண்டன் ஏவப்படுவோன். இவ்விரு தன்மையும் ஒருவன்பால் ஒருங்கு நிற்றல் கூடுமோ? கூடுமாயின் எவ்வாற்றாற் கூடும்? இளைஞர் பலர் மன்றங்கள் அமைத்துப் பொதுத்தொண்டிற் புகுந்து, அவருட் சிலர் ஒவ்வொரு பணிக்கும் தலைமை தாங்கி நிற்கும் இந்நாளில் இவ்வினா ஆராய்தற்குரியது. வெறும் உலகியல் வினாவென்று சைவ நன்மக்கள் இதனை ஒதுக்குதல் பொருந்தாது. ஆணவமலத்தின் இயல்பு யாது, அது தேயும் வாயில் யாது என்னும் பழைய வினாவே ஈண்டு இவ்வுருக்கொண்டு நிற்கின்றது.

பொருளை விளங்கக் காண்டற்பொருட்டுச் சென்னைக்குத் தெற்கே பல்லாவரம் முதற் பெருங்களத்தூர் ஈறாகவுள்ள ஊர்களை எடுத்துக்கொள்வாம். சைவர்க்கு இப்பகுதி புதியதன்று. திருத்தொண்டர் புராணம் அருளிய சேக்கிழார் பெருமான் தோன்றிய குன்றத்தூர் இதற்கு அணித்தாயுள்ளது. மாடம்பாக்கத்துத் தேனுபுரீசர் திருக்கோயில் தூங்கானை மாடமாகச் சோழர் காலத்தில் எழுந்த கற்றளி. இன்றும் வழிபாட்டுடன் விளங்குகின்றது. மறைமலையடிகள் பல்லாவரத்தை உறைவிடமாகக் கொண்டே தமிழும் சைவமும் வளர்த்தனர். முன்னாளில் வயலும் ஏரியுமாய்க் கிடந்த இவ்வூர்கள் இன்று வீடு நெருங்கிய குடியிருப்புக்களாயின. 2021ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாக்கப்பெற்றுத் தாம்பரம் மாநகராட்சி அமைந்தது.

இந்நிலத்தின் உயிர் ஏரிகளே. அவற்றை நம் முன்னோர் தனித்தனியே வெட்டிவிட்டுப் போகவில்லை. ஒன்றோடொன்று தொடுத்து அமைத்தனர். செம்பாக்கத்து ஏரி நிரம்பின் மிகைநீர் நன்மங்கலத்திற்கும், ஆண்டிருந்து கீழ்க்கட்டளைக்கும், பின்னர் நாராயணபுரத்திற்கும் சென்று முடிவிற் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடையும். காலப்போக்கில் வரத்துக்கால்கள் வீட்டுமனைகளாயின. ஏரிகளிற் சாக்கடையும் குப்பையும் வந்து சேர்ந்தன. ஆகாயத்தாமரை நீர்ப்பரப்பை மூடிற்று. அதன் பயனை மக்கள் இருமுறை கண்கூடாகக் கண்டனர். 2015 டிசம்பர் 1ஆம் நாட் காலை தொடங்கி மறுநாட் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாறு கரைபுரண்டு முடிச்சூர், வரதராசபுரம் முதலிய இடங்களிற் பல வீடுகளின் கீழ்த்தளம் நீருள் மறைந்தது. 2019ஆம் ஆண்டுக் கோடையிலோ சென்னைமாநகரும் அதன் புறநகரும் குடிநீரின்றி வாடின; சோலையார்பேட்டையிலிருந்து புகைவண்டியில் நீர் கொணரவேண்டியதாயிற்று. நீர் மிக்க காலத்தும் துன்பம். குறைந்த காலத்தும் துன்பம். இரண்டிற்கும் காரணங்கள் பலவாயினும், ஏரி தூர்ந்தமையும் கால் அடைபட்டமையும் அவற்றுட் சேரும் என்பதில் ஐயமில்லை.

இத்துன்பங்களே இளைஞர் பலரைத் தொண்டுக்கு அழைத்தன. வெள்ளநாளில் மீனவர் தம் படகுகளைக் கடற்கரையினின்று கொணர்ந்து மக்களை மீட்க, இளைஞர் உணவுப் பொட்டலங்களையும் போர்வைகளையும் தலையிற் சுமந்து முழங்கால் நீரில் நடந்தனர். ஏரிகளைத் தூய்மை செய்யும் முயற்சி அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 2007இல் அருண் கிருஷ்ணமூர்த்தி என்னும் இளைஞர் நிறுவிய என்விரான்மென்டலிஸ்ட் ஃபவுண்டேஷன் ஆப் இந்தியா என்னும் அமைப்பு மாணவரையும் இளைஞரையும் கூட்டி நீர்நிலைகளிற் பணி செய்தது. கீழ்க்கட்டளை ஏரியைச் சீராக்கும் முயற்சிக்காக 2012இல் அவர்க்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது. 2019இற் சிட்லபாக்கத்து மக்கள் தாமே ஏரியில் இறங்கித் தூய்மை செய்தனர். இவற்றிற்கெல்லாம் முன்னரே, காந்தியடிகள் நூற்றாண்டாகிய 1969இல் நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பெற்றது. மாணவர் இரண்டாண்டில் 240 மணிநேரம் தொண்டு செய்தல் அதன் முறை. 1972இல் தோன்றிய நேரு யுவகேந்திரங்கள் ஊர்தோறும் இளைஞர் மன்றங்களை வளர்த்தன.

இத்தகைய மன்றங்களிற் பணி ஒவ்வொன்றற்கும் ஒருவரைத் திட்டத் தலைவராக அமர்த்துதல் வழக்கு. அவர் ஊதியம் பெறாதவர். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நாற்பதுபேர் ஏரிக்கரையில் வந்து நிற்பதற்கு அவர் பலநாள் முன்பே உழைத்திருத்தல் வேண்டும். ஏரிக்குரிய அலுவலகத்தில் அனுமதி வாங்குதல், மண்வெட்டியும் கடப்பாரையும் கையுறையும் தேடுதல், அள்ளிய குப்பையை எடுத்துச்செல்ல வண்டிக்குச் சொல்லிவைத்தல், கண்ணாடிச் சில்லு காலைக் கிழித்தாற் கட்டுதற்கு மருந்து வைத்திருத்தல், நீந்தத் தெரியாத பிள்ளை சேற்றாழத்தில் இறங்காது காத்தல், வந்த பணத்திற்கும் போன பணத்திற்கும் கணக்கெழுதுதல் ஆகிய எல்லாம் அவர் தலைமேல் வீழும். ஐந்து நிமிடம் பேசிப்போக வரும் விருந்தினர்க்கு மாலை வாங்குதலும் சிலவிடத்து அவர் கடனேயாம்.

நிற்க. இத்தலைமையைக் குறித்து இருதிறத்தார் இருவேறு வகையாற் பிழைபடுகின்றனர். ஒருதிறத்தார் சைவப்பற்றுடையோர். “இஃது உலகத் தொண்டு, சிவதொண்டன்று. மேலும் தலைமையென்பது ஆணவத்திற்கு எருவிடுவது, நமக்கு இது வேண்டா” என்று விலகி நிற்பர். மற்றொரு திறத்தார் ஆர்வமிக்க இளைஞர். அவர் தொண்டனாய்ப் புகுந்து தலைவராய், பின்னர்த் தலைவர் என்னும் எண்ணமொன்றே எஞ்சத் தொண்டை மறந்துவிடுவர். முன்னவர் தலைமையை அஞ்சி ஓடினர். பின்னவர் அதன் வாய்ப்பட்டனர். தலைமையும் ஒரு தொண்டே என்பதும், அதனை இறைபணியாக ஏற்பவனுக்கு அஃது ஆணவத்தை வளர்க்கும் எருவாகாது அதனைக் கண்டு தேய்க்கும் கருவியாம் என்பதும் இக்கட்டுரையின் துணிபு. இதனை நிறுவுதற்கு முன்னவர் கூறும் தடைகள் இரண்டினையும் முதலில் ஆராய்வாம்.

ஏரி தூர்வாருதலும் வெள்ளத்தில் உணவு கொடுத்தலும் பசுபுண்ணியமேயன்றிச் சிவபுண்ணியமாகா என்பது முதற்றடை. சிவனை நோக்காது செய்யும் அறம் பசுபுண்ணியம். அதன் பயன் இன்பமாய் வந்து துய்த்தபின் கழியும். கழிந்தபின் எஞ்சுவது பிறவியே. சிவனை நோக்கிச் செய்வது சிவபுண்ணியம். அது ஞானத்திற்கு வாயிலாம். இப்பாகுபாடு முற்றிலும் உண்மையே. ஆயின் இவை வேறுபடுதல் செய்வோன் கருத்தினாலேயன்றிச் செய்யப்படும் பொருளினால் மட்டும் அன்று. சாக்கிய நாயனார் புத்தர்க்குரிய உடையினைக் களையாமலே சிவலிங்கத்தின்மேல் நாடோறும் ஒரு கல்லை எறிந்தனர். கண்டோர்க்கு அஃது இகழ்ச்சி. இறைவற்கு அது மலர். புறத்தே கல்லாயினும் அகத்தே அன்பாயிருந்தமையின் அவர் திருத்தொண்டருள் ஒருவராயினர். எனின், புறத்தே மண்வெட்டியும் குப்பைக்கூடையுமாய் இருப்பது அகத்தே அருச்சனையாதல் ஏன் கூடாது?

அன்றியும், சிவபெருமான் எட்டுருவினன் என்று சைவநூல்கள் ஓதும். நிலம், நீர், தீ, வளி, விசும்பு, ஞாயிறு, திங்கள், உயிர் என்பன அவ்வெட்டும். திருவானைக்காவிற் பெருமான் நீருருவாய் விளங்குதலை அறியாத சைவர் இலர். நீரில் அவனைக் கண்டு வணங்குவோர்க்கு நீர்நிலையிற் சாக்கடை கலத்தல் எங்ஙனம் பொறுக்கலாகும்? எட்டாவது உருவாகிய உயிரோ நடமாடுங் கோயில். அடியார்க்கு இட்டது ஆண்டவனைச் சேரும் என்று திருமூல நாயனார் தெளிவித்தனர். ஆதலின் சைவர் ஒருவர் ஏரியில் இறங்குங்கால், சிவபெருமானுடைய ஓருருவுக்குப் பணிசெய்ய மற்றோருருவின் துணையோடு இறங்குகின்றார் என்று கொள்ளல் தகும். உடன் நிற்போர் பல சமயத்தினராகலாம், சமயமே கருதாதவருமாகலாம். அவர் கருத்து அவர்க்கு. இவர் கருத்து இவர்க்கு. கூடை ஒன்றேயாயினும் அதிற் கிடப்பதை ஏற்றுக்கொள்வோன் அவரவர் நெஞ்சை அறிவான். இதுகொண்டு, திருக்கோயில் வழிபாடும் சிவபூசையும் வேண்டா, ஏரிப்பணியே சாலும் என்று உரைத்தல் குற்றமாம். அடியாரோடு கூடுதலும் ஆலயம் தொழுதலும் சீவன்முத்தர்க்கும் விதிக்கப்பட்டன, நம்மனோர்க்குக் கூறவேண்டா. ஏரிச்சேற்றைக் கழுவி நீராடித் திருநீறணிந்து அன்று மாலையே மாடம்பாக்கத்துப் பெருமான் திருமுன் நிற்பவன் எதனையும் இழந்தானல்லன்.

தலைமை ஆணவத்தை வளர்க்கும் என்பது இரண்டாந்தடை. இது முன்னையதினும் வலிது. ஆணவம் உயிர்க்குச் செம்பிற் களிம்புபோல் அநாதியே உள்ளது. தலைமை வந்தபின் புதிதாய்த் தோன்றுவதொன்றன்று. புறவிருள் பிறபொருளை மறைப்பினும் தன்னைக் காட்டி நிற்கும்; ஆணவமோ பிறபொருளை மறைப்பதோடு தன்னையும் மறைத்து நிற்கும் என்பது உமாபதிசிவனார் அருளிய உண்மை. தனியே வீட்டில் இருப்பவன், ‘எனக்கு அகந்தை இல்லை’ என்று எளிதில் நம்பிவிடுவன். அவனை ஒரு பணிக்குத் தலைவனாக்கிப் பார்க்க. வருவதாகச் சொன்னவர் வாராதபோது அவனுக்கு எழுஞ் சினம், தன் ஏற்பாட்டினும் பிறர் ஏற்பாடு நன்றாயிருந்தபோது அவனுக்கு நேரும் வாட்டம், செய்தித்தாளில் வந்த படத்தில் தன்முகம் இல்லாதபோது அவன் கண் மீண்டும் மீண்டும் அப்படத்திற் செல்லும் இயல்பு ஆகியவை அன்றுகாறும் மறைந்து கிடந்த மலத்தை அவன் கண்முன் கொணர்ந்து நிறுத்தும். கண்டது நன்றே. காணாத அழுக்கைக் கழுவுதல் யார்க்கும் இயலாது. வண்ணான் ஆடையின் அழுக்கைப் போக்குதற்குச் சாணியும் உவர்மண்ணும் முன்னர்ச் சேர்த்துப் பின் எல்லாவற்றையும் ஒருங்கு வெளுப்பன் என்னும் உவமை சித்தாந்தத்திற் பயின்றது. தலைமைப்பொறுப்பும் அவ்வுவர்மண் போல்வதே. கழுவாது விட்டால் அதுவும் அழுக்கே. கழுவினால் அழுக்கையும் உடன்கொண்டு போம்.

மேலும், தலைமையை மறுத்தலெல்லாம் பணிவாகாது. ஊரில் ஒரு நற்பணி தலைவரின்றி நிற்க, அதற்கு வல்லவன் ஒருவன், ‘என் அகந்தை வளர்ந்துவிடும்’ என்று திண்ணையில் அமர்ந்திருப்பானாயின், அவன் காப்பது எதனை? தன்னையே. தன் தூய்மையைப் பற்றிய நினைவே அவனுள் நிறைந்திருக்கின்றது. ‘நான்’ என்பது ஏவுமிடத்தில் நுழைவதுபோலவே ஒதுங்குமிடத்திலும் நுழையும் என்க.

இனி, தலைமை தொண்டாகும் முறை யாது? சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரம் பாசம் நீங்குதற்கு நெறியாக இறைபணியில் வழுவாது நிற்றலைக் கூறுகின்றது. என் செயலாவது யாதுமில்லை, யாவும் அவன் செயல் என்று ஒருவன் நிற்பின் மலமும் மாயையும் வல்வினையும் அவனைச் சாரா. இது ஞானிகள் நிலை. நம்மனோர் அந்நிலையை நோக்கி நடப்பதற்கு அடையாளம் வேண்டும். திருத்தொண்டர் வரலாறுகளை உற்று நோக்குவார்க்கு நான்கு அடையாளங்கள் புலனாகும்.

முதலாவது கை. திருநாவுக்கரசு நாயனார் தம் பெருமைக்கு ஏற்ப யாரையும் ஏவியிருத்தல் கூடும். அவரோ உழவாரப்படையைத் தாமே ஏந்தித் திருக்கோயில் முற்றங்களிற் புல் செதுக்கினர். திருவீழிமிழலையில் வற்கடம் நேர்ந்தபோது அடியார்க்கு அமுதளித்தற்பொருட்டு இறைவன் திருஞானசம்பந்தர்க்கும் திருநாவுக்கரசர்க்கும் நாடோறும் ஒவ்வொரு காசு அருளினன். அரசர் பெற்ற காசு வாசியின்றி மாறிற்று. பிள்ளையார் பெற்ற காசு வாசியுடையதாயிருந்து, அவர் பாடி வேண்டியபின் நற்காசாயிற்று. அரசர் கையாற் செய்த திருத்தொண்டின் சிறப்பே இவ்வேறுபாட்டிற்குக் காரணமெனச் சேக்கிழார் குறிப்பர். திருமகனார்க்கும் திருத்தொண்டர்க்கும் ஏற்றத்தாழ்வு கற்பித்தல் நம் நோக்கமன்று. கைத்தொண்டிற்குப் பெருமான் தந்த மதிப்பைக் காண்டலே நோக்கம். திட்டத் தலைவன் கரைமேல் நின்று விரல் சுட்டுவானாயின் அவன் சொல் வாசியுள்ள காசு. முதலிற் சேற்றில் இறங்கியவன் அவனாயின் அச்சொல் கழிவின்றிச் செல்லும். திருப்பூந்துருத்தியிற் சம்பந்தப்பிள்ளையாரின் சிவிகையைத் தாங்கினாருள் ஒருவராய் யாரும் அறியாது தோள்கொடுத்து நின்றவரும் இவ்வரசரேயன்றோ?

இரண்டாவது பெயர். திங்களூர் அப்பூதியடிகள் தண்ணீர்ப்பந்தர், சாலை, குளம் முதலிய அறங்கள் பலவற்றைத் தம் பொருளால் ஆக்கி, அவற்றிற்கெல்லாம் தாம் கண்ணாற் காணாத திருநாவுக்கரசரின் பெயரையே இட்டனர். ‘நும் பெயர் எழுதாது வேறொரு பெயர் எழுதியது என்னை’ என்று வினவியவரும் அவ்வரசரே என்பது அவ்வரலாற்றின் இன்பம். இன்று ஒரு நீர்ப்பந்தர் வைப்பின் நீர்க்குடத்தினும் பெயர்ப்பலகை பெரிதாயிருத்தலைத் தெருத்தோறும் காண்கின்றோம். பெயரே கூடாதென்பதன்று; கணக்குக் கேட்போர்க்கும் குறை சொல்வோர்க்கும் பொறுப்பாளர் யாரெனத் தெரிதல் வேண்டும். பழிக்கு முன்வருதற்கு எழுதிய பெயர் தொண்டின்பாற்படும்; புகழுக்கு முன்வருதற்கு எழுதிய பெயர் வேறு. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களிற் கோயிற்காரியங்களை மேற்பார்க்கும் அதிகாரி ‘ஸ்ரீகாரியம்’ என்று சுட்டப்படுதல் அறிந்து மகிழத்தக்கது. திருப்பணியின் பெயரே அதிகாரிக்கும் பெயராயிற்று.

மூன்றாவது செவி. திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தில் அடியார் குழாம் அமர்ந்திருக்க, நம்பியாரூரர் அவர்க்கு அடியனாகும் நாள் எந்நாள் என உள்ளத்தே விழைந்து, புறத்தே ஒதுங்கிச் சென்றனர். விறன்மிண்ட நாயனார் அதனைப் பொறாது, வன்றொண்டரும் புறகு, அவரை ஆண்ட பெருமானும் புறகு என்று துணிந்துரைத்தனர். தம்பிரான் தோழராகிய நம்பி அதற்கு வெகுண்டாரல்லர், விடையிறுத்து வாதித்தாரல்லர். அடியார் ஒவ்வொருவர்க்கும் தம்மை ஆளாக ஒப்புவித்துத் திருத்தொண்டத்தொகை பாடினர். அத்தொகையே வித்தாகப் பெரியபுராணம் விளைந்தது. கூட்டத்தில் ஒருவர் கூறிய கடுஞ்சொல்லைத் தலைவர் ஏற்ற முறையாற் சைவவுலகம் பெற்ற செல்வம் இது. ஏரிக்கரையில் பதினாறு வயதுப் பிள்ளை ஒருவன், ‘அண்ணா, இந்த இடத்தில் வெட்டினால் கரை இளகும்’ என்று சொன்னால், அச்சொல் மெய்யோ என்று ஆராய்தல் தலைவன் கடன். சொன்னவன் சிறியன் என்று தள்ளுதல் ஆணவத்தின் செயல்.

நான்காவது எல்லை. இதற்குச் சான்று தொண்டைநாட்டு உத்தரமேரூரில் உள்ளது. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் அவ்வூர்ச் சபையார் பொறித்த கல்வெட்டுக்கள் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தெரிந்தெடுக்கும் முறையை விரித்துரைக்கின்றன. அவ்வாரியங்களுள் ஏரிவாரியம் ஒன்று, அதற்கு அறுவர். 35 வயதிற்கு மேற்பட்டு 70 வயதிற்கு உட்பட்டோரே தகுதியுடையோர். அவர் பதவி 360 நாள் அளவினது. அண்மை மூன்றாண்டுகளில் வாரியஞ் செய்தவர் பெயர் குடத்தில் இடப்படாது. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவர்க்கும் அவர்தம் நெருங்கிய உறவினர்க்கும் இடமில்லை. அச்சபை நிலமுடைய வேதியர்க்கே உரியதாய் இருந்தமையின் ஏனையோர்க்கு அதில் இடமின்மை ஒரு குறையே. அக்குறையை ஒழித்து, அதன் உள்ளுறையை மட்டும் கொள்வோம். ஏரிக்குத் தலைமை தாங்குவோன் கணக்குக் காட்டுதல் வேண்டும்; நாள் முடிந்ததும் இடம்விட்டு விலகுதல் வேண்டும். ஆணவத்தின் வலிமையை நம் முன்னோர் அறிந்தே அதற்குக் கல்லில் எல்லை வெட்டினர். இந்நாள் மன்றங்களில் ஆண்டுதோறும் தலைவர் மாறுதல் சிலர்க்கு வருத்தமாகத் தோன்றும். அஃது அவர்க்குச் செய்யும் பெருநன்மை. தான் விலகியபின்னும் பணி நடக்குமாறு ஒருவனைப் பழக்கிவிட்டவனே தலைமைத் தொண்டை முற்றச் செய்தவன் ஆவன். தான் இல்லாவிடிற் பணி நில்லாதென்று மகிழ்பவன் பணியைத் தனக்கு அடிமையாக்கினான்.

ஏரியின் அமைப்பே இதற்கு உவமையாம். ஏரிக்குக் கரையும் வேண்டும், மதகும் வேண்டும், கலங்கலும் வேண்டும். கரையில்லையேல் நீர் தங்காது. உறுதியற்ற தலைவனிடத்துப் பணி தங்காமையும் அவ்வாறே. மதகில்லையேல் தங்கிய நீர் வயலுக்குப் பயன்படாது. கலங்கல் இல்லையேல் நிறைந்த நீர் கரையையே உடைத்து ஊரை அழிக்கும். தன்பால் வந்து நிறையும் புகழையும் அதிகாரத்தையும் அடுத்த ஏரிக்கு வழியவிடாத தலைவன் கலங்கலற்ற ஏரி போல்வான். செம்பாக்கத்து நீர் நன்மங்கலத்திற்குச் செல்லுதலால் செம்பாக்கம் வறிதாவதில்லை. தன் கொள்ளளவு நிறைந்து நிற்கும். மிகையே கீழ்நோக்கிச் செல்லும்.

இனி, பணி பயன்படாது போங்காலத்துத் தலைவன் நிலை யாதாகும் என்பதும் நோக்கத்தக்கது. நாற்பதுபேர் ஒருநாள் முழுதும் அள்ளிய குப்பை அடுத்த மழையில் மீண்டும் வந்து சேரும். ஆகாயத்தாமரை சின்னாளில் முன்போற் படரும். இங்கேதான் இளைஞர் பலர் உள்ளம் உடைந்து நீங்குகின்றனர். திருவாரூர்த் தண்டியடிகளை அவர் நினைப்பாராக. குளத்தின் பரப்புச் சுருங்கியது கண்டு, கண்ணற்றவராகிய அவர், குளத்தின் உள்ளும் கரைமேலும் தறி நட்டுக் கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவிக்கொண்டே மண்ணைக் கூடையில் சுமந்து கொட்டினர். எத்துணை மண் போயிற்று, எத்துணை எஞ்சிற்று என்று அளந்து காணும் கண்ணே அவர்க்கு இல்லை. சுமந்த கூடை ஒன்றே அவர் அறிந்தது. பயனை நோக்காது பணியில் நிற்றலுக்கு இதனினும் சிறந்த காட்சி யாண்டுக் கிடைக்கும்? வெற்றியில் களியாமையும் தோல்வியில் துவளாமையும் நாளடைவிற் பழகுவார்க்கு, நல்வினை தீவினை இரண்டன் பயனிலும் ஒத்து நிற்கும் நிலை சிறிது சிறிதாக அணுகும். இருவினையொப்பு நூலிற் படித்தறியும் சொல்லாக மட்டும் நின்றுவிடுதல் நன்றன்று, வாழ்க்கையிற் பழகற்குரியது. அதனைப் பழகும் கழகமாக ஒரு சிற்றூர் ஏரிக்கரையும் ஆகலாம்.

பயனை நோக்காமை என்பது பொறுப்பின்மை அன்று. வெள்ளநாளில் உணவு கெட்டுப்போகாது காத்தலும், பிள்ளைகள் இடர்ப்படாது மீட்டலும், அடுத்த மழைக்குமுன் வரத்துக்காலைத் திறத்தலும் நுண்ணறிவுடன் செய்யத்தக்கன. தண்டியடிகளும் கயிறு கட்டாது இறங்கினாரல்லர். செய்வன திருந்தச் செய்து, விளைவை அவனிடத்து வைத்தலே முறை.

கூட்டமும் பொருளும் படைத்த தலைவர் ஒன்றை மறத்தலாகாது. காடவர்கோன் காஞ்சியில் பெருங்கற்றளி எடுத்தான். அதற்கு நாளும் குறித்தான். திருநின்றவூர்ப் பூசலார் ஒருவர். அவர்க்குப் பொருளில்லை, ஆளுமில்லை. நெஞ்சினுள்ளே கோயிலெடுத்து அதே நாளைக் குறித்தார். இறைவன் அரசனது கனவிற் றோன்றி, அந்நாளை விட்டு வேறுநாள் கொள்க எனப் பணித்தனன். அரசன் பெருமை அவன் எடுத்த கற்றளியினும், பூசலாரைத் தேடிச்சென்று அவர் திருமுன் வணங்கியமையால் விளங்குகின்றது. நூறுபேரைக் கூட்டும் திட்டத் தலைவர், கூட்டத்திற்கு வாராமல் நாடோறும் விடியலில் தன் தெருவோரத்துக் கால்வாயைத் தனியே துப்புரவு செய்யும் முதியவர் ஒருவரைக் கண்டால், அவரிடத்து ஒருகணம் நிற்பாராக.

ஆகவே நாம் எடுத்துக்கொண்ட வினாவிற்கு விடை இதுவாம். தலைவனும் தொண்டனும் ஒருவனாதல் கூடும். ஏவுகின்ற தானும் ஏவப்படுவோனே என்று உணர்ந்தவிடத்துக் கூடும். உண்மைத் தலைவன் சிவபெருமான் ஒருவனே. ஏனையோர் அவன் பணியில் முன்னிற்போரும் பின்னிற்போருமே. முன்னிற்போர்க்கு வெயிலும் பழியும் முதலில் வரும். அவற்றை விரும்பி ஏற்பவர்க்கு முன்வரிசை தகும்.

சைவசபைகளை நடத்தும் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். நும்பால் வரும் இளைஞரைத் திருமுறை ஓதப் பழக்குவதோடு, ஊர்ப்பணிக்குத் தலைமை ஏற்கவும் விடுத்தருளுக. அவர் தவறுவராயின் விறன்மிண்டர்போல் இடித்துரையுங்கள், திருந்துவராயின் வாழ்த்துங்கள். தாம்பரத்தைச் சூழ்ந்த ஏரிகளுள் ஒன்றன் கரையில், கணக்குப் புத்தகத்தை அடுத்தவன் கையிற் கொடுத்துவிட்டு, மண்வெட்டியை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் இளைஞன் ஒருவனை நும் சபை உலகிற்குத் தருமாயின், அவ்வாண்டு நீவிர் நடத்திய விழாக்களெல்லாம் நிறைவு பெற்றனவாம்.

திருச்சிற்றம்பலம்.